தகராறு போதவில்லை

மாஸ்டரும் அவர் மனைவியும் பிரிந்துவிடுவது என்று முடிவெடுத்த மாலையில் அந்த வீட்டில் யாரும் அழவில்லை. பின்னால் அவர்களுக்கு அதுவே பெரிய பாதகமாக முடிந்தது.

மாஸ்டர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் நேராக லாரியைப் பார்த்து ஓட்டும்போது மாஸ்டர் அதை மிதிப்பார். பல வருடம் மிதித்ததில், பஸ்ஸில் போனாலும், வீட்டில் டி.வி. பார்த்தாலும், எதிரில் யாராவது வேகமாகப் பேசினாலும் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். மனைவிக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளைப் பார்த்து மெழுகில் பல்வரிசை அமைப்பாள். வேலை மிஞ்சிப்போனால் வீட்டுக்கும் கொண்டுவருவாள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் முன்பின் தெரியாதவர்களின் பற்கள் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும். அவளும் ஒரு காலத்தில் மாஸ்டரிடம்தான் கார் ஓட்டக் கற்றாள். தன்னைப் பிரேக் மிதிக்க வைக்காத ஒரே மாணவி என்பதால் மாஸ்டர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். அவள் இன்னும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவர்களுக்குள் சண்டை கிடையாது. பேச்சும் மெல்ல மெல்ல இல்லாமல் போயிருந்தது. அந்த மாலையில் மேசையைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“நீங்க வெளியூர் போயிருந்த வாரம் எனக்கு நிம்மதியா இருந்துச்சு மாஸ்டர். தப்பா எடுத்துக்காதீங்க.”

மாஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது தனக்கும் அப்படித்தான் இருந்தது என்று ஒத்துக்கொண்டார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல நாள் கழித்து இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். மேசையின் மறுபக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளுக்கும் விஷயத்தைச் சொன்னார்கள். ஒன்பது வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. மாஸ்டர் அடுத்த தெருவில் ஒரு மாடி அறை பார்த்துக்கொள்வது, பள்ளி நாட்களில் வாலு அம்மாவிடமும் விடுமுறை நாட்களில் அப்பாவிடமும் இருப்பது, யாருக்காவது வேலை வந்தால் மற்றவர் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தானே சைக்கிளில் போவேன் என்று வாலு ஒரு நிபந்தனை வைத்தாள். அதுவும் ஏற்கப்பட்டது. வீட்டுப்பாடம் முடிவதற்குள் குடும்பம் பிரிந்து முடிந்திருந்தது.

கோர்ட்டில் போய் ஒரு முத்திரை வாங்கிவிட்டால் போதும் என்று மாஸ்டர் நினைத்தார். லைசென்ஸ் அலுவலகத்தோடு காலம் தள்ளியவர். முத்திரை விஷயத்தில் தனக்கு அனுபவம் உண்டு என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

குடும்ப நீதிமன்றம் ஐந்து மாடிக் கட்டடத்தில் இருந்தது. நுழைந்ததும் ‘குடும்பம் ஒரு பூந்தோட்டம்’ என்று ஒரு பெரிய பலகை. அதற்குக் கீழே கழிப்பறைக்கு வழிகாட்டும் அம்புக்குறி. தாழ்வாரத்தில் நீள நீளமான பெஞ்சுகளில் பூந்தோட்டத்தை விட்டு வெளியேற வந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மனு வாங்கும் எழுத்தர் அவர்களுடைய ஒற்றைத் தாளைப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“தகராறு எங்க?”

தகராறு ஒன்றும் இல்லை, பேசி முடித்துவிட்டோம் என்றார் மாஸ்டர்.

“பேசி முடிச்சவங்க இங்க எதுக்கு வர்றீங்க? இது நீதிமன்றம்.”

ஒத்த மனதோடு பிரிகிறவர்களுக்கு வழியே கிடையாதா என்று மனைவி கேட்டாள். உண்டு, மூன்றாம் மாடியில் அதற்கென்றே ‘இருதரப்புச் சம்மதப் பிரிவு’ இருக்கிறது என்று எழுத்தர் மரியாதையாகவே சொன்னார். அங்கே இரண்டு அலுவலர்கள். இருவரில் யார் பெரியவர் என்று அவர்களுக்குள் வழக்கு நடப்பதால் அறையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வழக்கு முடிந்ததும் திறப்பார்கள். அது முடிகிற மாதிரி இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, ‘தகராறு போதவில்லை, திருப்பப்படுகிறது’ என்று தாளின் தலையில் முத்திரை குத்திக் கொடுத்தார். மாஸ்டர் கேட்டு வந்ததும் முத்திரைதானே.

தகராறு வேண்டுமென்றால் வக்கீல் வேண்டும் என்று பெஞ்சில் இருந்த ஒருவர் சொன்னார். நீதிமன்றத்துக்கு எதிரிலேயே ஓர் அறையில் இரண்டு வக்கீல்கள் இருந்தார்கள். ஒருவருடைய தங்கையை மற்றவர் கட்டியிருந்தார். அறைக்கு நடுவே ஒரு புத்தக அலமாரி. அலமாரிக்கு இந்தப் பக்கம் கணவன்மார்களும் அந்தப் பக்கம் மனைவிமார்களும் போக வேண்டும். மின்விசிறி ஒன்றுதான். அது நடுநிலையாகச் சுற்றியது.

மாஸ்டரின் வக்கீல் பேனாவைத் திறந்துகொண்டு, மனைவி அடித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. நீங்கள் அடித்ததுண்டா? இல்லை. அடிக்க வேண்டும் என்று தோன்றியதாவது உண்டா? இல்லை என்று மாஸ்டர் தலையை ஆட்டினார். வக்கீலுக்கு அலுப்பு வந்துவிட்டது.

“இப்படி ஒண்ணுமே இல்லாம வந்தா நான் எதை வச்சுக்கிட்டு சார் வாதாடுவேன்?” என்றவர், அலமாரிக்கு மேலாக எட்டிப் பார்த்து, “மச்சான், அந்தப் பக்கம் ஏதாவது தேறுதா?” என்று கேட்டார்.

அந்தப் பக்கமும் ஒன்றும் தேறவில்லை. ஆனால் இருவரும் தொழிலில் பழுத்தவர்கள். மனுக்கள் தயாராகிவிட்டன. ‘எதிர்மனுதாரர் அந்நியர்களின் பற்களை உணவு மேசையில் பரப்பி மனுதாரரின் பசியைத் திட்டமிட்டு அழித்துவந்தார்’ என்று ஒன்றில் இருந்தது. ‘மனுதாரர் வீட்டுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பிரேக்குகளை மிதித்து எதிர்மனுதாரரின் மன அமைதியைக் குலைத்துவந்தார்’ என்று மற்றதில் இருந்தது. கணவனும் மனைவியும் வீட்டில் அதை மாற்றி மாற்றிப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரித்துக்கொண்டே வந்த மாஸ்டர் ஓர் இடத்தில் நின்றார். ‘மனைவி பேசும்போதெல்லாம் அவருடைய பார்வை அவளைத் தாண்டி அடுத்த சாலைச் சந்திப்பில் இருந்தது’ என்று எழுதியிருந்தது.

“இது நீ சொன்னதா?”

“வக்கீலே எழுதினது” என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, “ஆனா தப்பில்ல மாஸ்டர்” என்றாள்.

அவருடைய மனுவில் அவளைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. அவள் தன் சிரிப்பையெல்லாம் மெழுகிலேயே செய்து தீர்த்துவிட்டதாகவும், வீட்டில் இருப்பவர்களுக்கு மிச்சம் வைக்கவில்லை என்றும். அவள் அதைப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாள். மறுநாள் வக்கீலிடம் மாஸ்டர் வருத்தப்பட்டபோது அவர் சமாதானம் சொன்னார். பொய்க்கு நடுவே ஒன்றிரண்டு நிஜத்தையும் கலந்தால்தான் மனு நிற்குமாம். எது நிஜமென்று தங்களுக்கும் தெரியாதாம். குத்துமதிப்பாகப் போடுவதுதானாம்.

முதல் விசாரணைக்கு இருவரும் ஒரே காரில் வந்தார்கள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தார்கள். அதை யாரோ உள்ளே போய்ச் சொல்லிவிட்டார்கள். இவர்கள் முறை வந்ததும் நீதிபதி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். அவர் தன்னைப் பற்றிப் பேசும்போது நான் என்று சொல்வதில்லை; இந்த நீதிமன்றம் என்றே சொல்வார்.

“நீங்க ரெண்டு பேரும் வெளியில தேநீர் குடிச்சதா இந்த நீதிமன்றத்தோட கவனத்துக்கு வந்திருக்கு. இந்த நீதிமன்றம் காலையிலேருந்து எதுவும் குடிக்கல. அது வேற விஷயம். ஒண்ணா உட்கார்ந்து சிரிச்சுப் பேசுற ரெண்டு பேர் விவாகரத்து கேட்டா அதுக்குச் சட்டத்துல கூட்டுச் சதின்னு பேரு. மனுவுல கொடுமைன்னு எழுதியிருக்கு. கொடுமைக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கணும். இந்த நீதிமன்றத்தை ஏமாத்தப் பார்க்காதீங்க.”

கொடுமை என்பதெல்லாம் வக்கீல் எழுதியது என்று மாஸ்டர் சொல்ல வாயெடுத்தார். வக்கீல் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். மனுவில் இருப்பது பொய் என்று சொன்னால் பொய்ச் சத்தியத்துக்கு உள்ளே போக வேண்டியிருக்கும். உண்மை என்று சொன்னால் வெறும் விவாகரத்துதான் என்று காதோடு சொன்னார். அதன்பிறகு விசாரணை நாட்களில் அவர்கள் வேறு வேறு பஸ்களில் வந்தார்கள். தாழ்வாரத்தின் இரண்டு கோடிகளில் உட்கார்ந்தார்கள். எப்படி முறைத்துக்கொள்வது என்று வக்கீல்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் மாஸ்டருக்கு முறைக்க வரவில்லை. தூரத்துப் பெயர்ப்பலகையைப் படிக்க முயல்பவர்போல இருந்தார். போகப் போகப் பழகிவிட்டது. மனுவில் படித்த அந்த ஒரு வரியை நினைத்துக்கொண்டால் முகம் தானாக இறுகியது. அவளும் அப்படித்தான் செய்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இறுக்கம் உடனே இளகவில்லை. மாஸ்டர் தன் மாடி அறைக்கு முன்கூட்டியே குடிபோனார். ‘தரப்பினரிடையே போதிய பகைமை காணப்படுகிறது’ என்று நீதிமன்றம் திருப்தியோடு பதிவு செய்தது.

போதிய பகைமை உண்டானதும், விதிப்படி, அவர்களைச் சேர்த்துவைக்கும் முயற்சி தொடங்கியது. அதற்கு ஓர் ஆலோசகர் அம்மா இருந்தார். மென்மையான குரல். யார் என்ன சொன்னாலும் கண்ணை மூடி, “புரியுது, புரியுது” என்பார். நடுவில் பேச யாரையும் விடமாட்டார் என்பதால் அவருக்கு எல்லாமே புரிந்தது. மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்துவதை அவர் கவனித்தார்.

“பாருங்க, உங்க கால் பேசுது. போகாதே, நில்லுன்னு மனைவியைப் பார்த்துச் சொல்லுது.”

தொழில் பழக்கம் என்றார் மாஸ்டர். “புரியுது, புரியுது” என்றபடி ஆலோசகர் அம்மா அதை மறுப்பு மனநிலை என்று எழுதிக்கொண்டார். மனைவியிடம், நீங்கள் செய்யும் ஒவ்வொரு பல்லும் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை என்றார். அவள் வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த முறை வந்தபோது, ஒரு செட்டுக்கு இருபத்தெட்டு வார்த்தை வருமே, அவ்வளவு பேச எனக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டாள். அதுவும் எழுதிக்கொள்ளப்பட்டது.

சேர்த்துவைக்க முடியாதவர்களின் குழந்தையை விசாரிப்பதும் அதே ஆலோசகர் அம்மாவின் பொறுப்பு. ‘மழலை மகிழ்வறை’ என்ற அறையில் அது நடந்தது. பெற்றோருக்கு உள்ளே அனுமதியில்லை. காலையிலிருந்து தாழ்வாரத்தில் காத்திருந்த வாலுவைப் பிற்பகலில்தான் கூப்பிட்டார்கள். மேசைமேல் ஒரு பிஸ்கட் பாக்கெட் பிரித்து வைக்கப்பட்டிருந்தது.

அப்பாவிடம் பிடிக்காதது என்ன என்று அம்மையார் கேட்டார். ஒன்றுமில்லை என்றாள் வாலு. எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான் ஆரம்பிக்கும், நன்றாக யோசி என்று பாக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாலு பாக்கெட்டைப் பார்த்தபடி யோசித்தாள். அப்பா நடுரோட்டில் திடீரென்று பிரேக் போடுவார், காரில் இருப்பவர்கள் பயந்துபோவார்கள் என்றாள். ஒரு பிஸ்கட் கிடைத்தது. அம்மாவிடம்? அம்மா வேறு ஆட்களின் பல்லை வீட்டுக்குக் கொண்டுவருவாள். இன்னொரு பிஸ்கட் கிடைத்தது. அந்தக் கட்டடத்தில் என்ன கேட்கிறார்கள் என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பாக்கெட் காலியானபோது அறிக்கையும் நிறைந்திருந்தது.

தீர்ப்பு நாளில் அறிக்கை வாசிக்கப்பட்டது. ‘தந்தை, பொதுச்சாலையில் பிறரை அச்சுறுத்துவதைத் தொழிலாகவே கொண்டவர். தாய், அறிமுகமற்ற நபர்களின் பற்களை இல்லத்தில் சேகரிப்பவர். குழந்தை இவ்விரண்டையும் பதற்றமின்றி விவரித்தது கவலையளிக்கிறது.’ மாஸ்டர் எழுந்து நின்று ஏதோ சொல்லப் பார்த்தார். கடைசி பெஞ்சில் இருந்த வாலுவும் எழுந்து நின்றாள். நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவள் சொன்னது முன்வரிசை வரை கேட்டது.

நீதிபதி கனிவோடு அவளைப் பார்த்தார்.

“இந்த நீதிமன்றத்துக்குக் குழந்தையோட நலன்தான் எல்லாத்துக்கும் மேல. கணவன் முக்கியமில்ல, மனைவி முக்கியமில்ல, குழந்தைதான் முக்கியம். குழந்தையோட குரல் இங்க கேட்கப்படணும். முதல்ல அந்தக் குழந்தையை வெளியில உட்கார வைங்க, சத்தமா இருக்கு.”

வாலு வெளியே உட்கார வைக்கப்பட்டாள். குழந்தையின் குரல், அறிக்கையின் மூலமாக, தொடர்ந்து கேட்கப்பட்டது. இரண்டு ஆபத்துகளையும் தராசில் வைத்துப் பார்த்த நீதிமன்றம், பற்கள் யாருடைய வாயிலும் பொருத்தப்படாத நிலையில் கடிக்க வாய்ப்பில்லை என்று முடிவுக்கு வந்தது. விவாகரத்து வழங்கப்பட்டது. குழந்தை தாயிடம் இருக்க வேண்டும். தந்தை மாதத்தில் ஒருமுறை, நீதிமன்ற வளாகத்தில், ஆலோசகரின் கண்காணிப்பில், ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளலாம். “வாழ்த்துகள், ஜெயிச்சுட்டோம்” என்று மனைவியின் வக்கீல் அவளிடம் கை நீட்டினார். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரின் வக்கீல் அவர் முதுகில் தட்டி, நல்ல தோல்வி சார், இதைவிட மோசமாகத் தோற்றவர்களையும் பார்த்திருக்கிறேன் என்றார்.

சந்திப்பு அறை தரைத்தளத்தில் இருந்தது. விளையாட்டுச் சாமான்கள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியிருந்தன. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். தந்தையும் குழந்தையும் எதிரெதிரே உட்கார வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது, தாழ்த்தவும் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. ஆலோசகர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் பள்ளியைப் பற்றிக் கேட்டார். வாலு பதில் சொன்னாள். மேசைக்கு அடியில் மாஸ்டரின் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

நேரம் முடியப்போகையில் வாலு கேட்டாள்.

“நான் பிஸ்கட்டுக்காகச் சொன்னதாலயாப்பா?”

அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை, கேட்டவர்களுக்குத்தான் காது சரியில்லை என்று சொல்லி, மாஸ்டர் அவள் தலையைத் தொடக் கையை நீட்டினார். தொடுவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆலோசகர் அம்மா மென்மையாக நினைவூட்டினார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போன வாலு சாப்பிடவில்லை. ஏன் என்று தாய் திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில், இனிமேல் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லப்போவதில்லை என்று மட்டும் சொன்னாள். அதுவரை வக்கீல் சொன்னபடி முறைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வார்த்தையில் எல்லாம் விட்டுப்போயிற்று. விடுமுறை வந்ததும் சைக்கிளை எடுத்து வாசலில் நிறுத்தி, “அப்பா வீட்டுக்குப் போயிட்டு வா” என்றாள்.

வாலு போனாள். அன்று பார்த்து ஆலோசகர் அம்மா திடீர் ஆய்வுக்கு வந்தார். குழந்தை எங்கே என்று கேட்டார். குழந்தை அப்பா வீட்டில் சந்தோஷமாக இருப்பதாகத் தெரிந்ததும் அறிக்கை அனுப்பினார். தீர்ப்பை மீறியதற்காக முன்னாள் மனைவிக்கு நோட்டீஸ் வந்தது. இன்னொரு முறை மீறினால், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பாதுகாக்கும் பொருட்டு, குழந்தை அரசுக் காப்பகத்தில் சேர்க்கப்படும்.

அவள் நோட்டீஸை எடுத்துக்கொண்டு நேராக நீதிபதி முன்னால் போய் நின்றாள். இது என்ன மனு என்று நீதிபதி கேட்டார்.

“ஜெயிச்சத திருப்பிக் கொடுக்குற மனுங்க ஐயா. எனக்கு வேண்டாம். நாங்க முன்னாடி பேசிக்கிட்ட மாதிரியே இருந்துக்கறோம்.”

நீதிபதி சட்டப் புத்தகங்களைப் புரட்டச் சொன்னார். புரட்டினார்கள். தோற்றவர் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. ஜெயித்தவர் வருத்தப்பட வழி இல்லை. “உங்களுக்கு எது நல்லதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருந்தா இந்த நீதிமன்றம் எதுக்கும்மா?” என்று கேட்டுவிட்டு, பதில் தேவைப்படாததால் அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்.

வெளியே இரண்டு வக்கீல்களும் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். இப்படித் தங்களைக் கேட்காமல் உள்ளே போய் நிற்கலாமா என்று அவளுடைய வக்கீல் கோபித்துக்கொண்டார்.

“தீர்ப்புன்னா தீர்ப்புதான்மா. பிரிஞ்ச பெத்தவங்களுக்குப் போட்ட உத்தரவு. நீங்க ரெண்டு பேரும் திரும்பக் கல்யாணம் பண்ணிக்கிட்டா மட்டும்தான் அது செல்லாமப் போகும். அந்த மாதிரி முட்டாள்தனம் எதுவும் பண்ணி வைக்காதீங்க.”

“எங்க ரெண்டு பேர் உழைப்பும் வீணாப் போயிடும்” என்று மச்சானும் வருத்தத்தோடு சொன்னார்.

மறுநாள் மாஸ்டர் வகுப்பு முடிந்து காரில் தனியாக இருந்தபோது அவள் வந்தாள். அவர் பக்கத்து இருக்கையில் இருந்ததால் இவள் ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். கார் கடைத்தெருவைத் தாண்டியது. பிறகு ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா மாஸ்டர்?”

கார் நடுரோட்டில் குலுங்கி நின்றது. அவள் ஓட்டி அவர் பிரேக் போட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அவள் நிதானமாக வக்கீல் சொன்னதைச் சொன்னாள். மாஸ்டர் இந்த முறை ரோட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உனக்கு என்மேல மறுபடி ஏதாவது...” என்று இழுத்தார்.

“இல்ல. உங்களுக்கு?”

“எனக்கும் இல்ல.”

“அப்ப பிரச்சனை இல்ல.” வண்டியை மறுபடி கிளப்பிக்கொண்டே சொன்னாள், “நீங்க நல்ல அப்பா. அத்தனை பக்கம் எழுதினாங்க, அதை மட்டும் யாரும் எழுதல.”

சேர்ந்து ஒரே வீட்டில் இருக்க வேண்டுமா என்று மாஸ்டர் கேட்டார். அதையும் அவள் விசாரித்துவிட்டிருந்தாள். பிரிந்தவர்கள் எங்கே இருக்க வேண்டும், எந்த நாளில் குழந்தையைப் பார்க்க வேண்டும், எந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதற்கெல்லாம் விதி இருந்தது. கல்யாணம் ஆனவர்கள் எப்படி வேண்டுமானாலும் இருந்துகொள்ளலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

திருமணப் பதிவு அலுவலகம் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், சந்திப்பு அறைக்கு அடுத்த கதவு. அங்கே யாரும் தகராறு எங்கே என்று கேட்கவில்லை. ஆலோசனை இல்லை, அறிக்கை இல்லை, யாருக்கு யார்மேல் பகைமை என்று பதிவு இல்லை. யாருடைய கட்டாயமாவது உண்டா என்று பதிவாளர் கேட்டபோது மாஸ்டர் மேல்மாடியை நோக்கிக் கையைத் தூக்கப் போனார். அவள் அவர் காலை மிதித்தாள். விருப்பம்தான் என்று இருவரும் சொன்னார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு வக்கீல்களும் வந்தார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவர்கள், மறுபடி பிரிய நேர்ந்தால் தங்களிடமே வர வேண்டும் என்று சொல்லி வாக்கு வாங்கிக்கொண்ட பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள். வாலு பதிவாளரின் மேசையில் இருந்த பிஸ்கட்டை எடுக்கலாமா என்று கேட்கவில்லை. பதிவாளராகவே கொடுத்தார். பதிலுக்கு அவர் எதுவும் கேட்காதது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. சாப்பிட்டாள்.

உத்தரவு செல்லாமல் போயிற்று. மாஸ்டர் தன் மாடி அறையிலேயே இருந்தார். வாலு சைக்கிளில் போய் வந்தாள். கணவனும் மனைவியும் வழியில் பார்த்துக்கொண்டால் நின்று பேசினார்கள். முன்பு ஒரே வீட்டில் இருந்தபோது பேசியதைவிட அதிகம்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தத் திருமணப் பதிவு ஆலோசகர் அம்மாவின் பார்வைக்கு வந்துவிட்டது. அவருடைய பணிக்காலத்தில் பிரிந்துபோய் மறுபடி சேர்ந்த முதல் ஜோடி. அவர் உண்மையாகவே அழுதுவிட்டார் என்று சொல்கிறார்கள். நீதிமன்றத்தின் ஆண்டு விழா வந்தபோது மாஸ்டரையும் மனைவியையும் மேடையில் நடுநாயகமாக உட்கார வைத்தார்கள். மறுத்தால் மறுபடி நோட்டீஸ் வருமோ என்ற பயத்தில் இருவரும் நல்ல உடையில் வந்திருந்தார்கள். நெருங்கி உட்காரும்படி புகைப்படக்காரர் கேட்டுக்கொண்டார். ஒரே பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடிப்பதுபோல் ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார்கள்.

நீதிபதி பேச எழுந்தார்.

“நீதிமன்றம் குடும்பத்தைப் பிரிக்குதுன்னு வெளியில சொல்றாங்க. இதோ, கண்ணு முன்னாடி சாட்சி. இவங்க முதல் தடவை இங்க வந்தப்ப இவங்களுக்குள்ள ஒரு பகையும் இல்ல. ஆனா உறவும் இல்ல. இந்த நீதிமன்றம் பொறுமையா அவங்களுக்குள்ள பகையை வளர்த்துச்சு. குழந்தையைப் பிரிச்சுச்சு. காப்பகத்துக்கு அனுப்புறதாப் பயமுறுத்துச்சு. வேற வழியே இல்லாம இன்னிக்கு ஒரு குடும்பமா உட்கார்ந்திருக்காங்க. இதைவிட ஒரு நீதிமன்றம் என்ன செஞ்சுட முடியும்?”

கைதட்டல் நீண்ட நேரம் நீடித்தது. ஆலோசகர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வக்கீல்களும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தட்டினார்கள்.

விழா முடிந்து கிளம்பும்போது ஆலோசகர் அம்மா மாஸ்டரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெஞ்சின் இரண்டு முனைகளில் இளவயது ஜோடி ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண்ணின் மடியில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இவர்களுக்கு அனுபவப்பட்டவராக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு அவர் அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

மாஸ்டர் பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தார். அந்தப் பெண்தான் தலையைத் தூக்கி, குழந்தை எழுந்துவிடாதபடி மெல்லிய குரலில் கேட்டாள்.

“எப்படிங்க நீங்க ரெண்டு பேரும் மறுபடி சேர்ந்தீங்க?”

“நாங்க சேரலைம்மா” என்றார் மாஸ்டர். “கல்யாணம் மட்டும்தான் பண்ணிக்கிட்டோம்.”